நான்காவது விளக்குக்காகக் காத்திருந்தேன்

லிஜி, ஜெபின், இதை ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். உங்களிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிற மூன்று பேருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்காகத்தான் உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காட்டாக்கடைக்கு வந்து உங்கள் வீடியோ விளையாட்டுக் கூடத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. மெஷின்களைச் சுவரை ஒட்டாமல் தள்ளி வைத்திருக்கிறீர்கள், பின்னால் கை போக இடம் விட்டிருக்கிறீர்கள். அது எனக்குச் சந்தோஷம். ஆனால் வாசலில் "செருப்பை வெளியே விடவும்" என்று ஒரு பலகை. உள்ளே புது நீலக் கம்பளம். அதைப் பார்த்த பிறகு டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். "அப்பாவுக்குக் கடை பிடிக்கலை போல" என்று ஜெபின் அம்மாவுக்கு போன் பண்ணினானாம். பிடிக்காமல் இல்லை மக்கா. நேரில் சொல்ல முடியாத ஒன்று இருந்தது. அதனால் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் லிஜி திருத்திக்கொள்.

நான் நெய்யாற்றின்கரையில் வேலை பார்த்த கூடத்துக்கு நீங்கள் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறீர்கள். பாறசாலையில் மிக்ஸியும் மோட்டாரும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த என்னை அங்கே கூப்பிட்டவர் முதலாளி. அவர் பல வருடம் கப்பலில் வேலை பார்த்தவர். ஜப்பானில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கும்போதெல்லாம் ஒரே விளையாட்டுக் கடைக்குப் போய் ஒரே ஆட்டத்தை ஆடுவாராம். ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, அங்கே கழித்துப் போட்ட அந்த ஆட்டத்தின் எட்டு மெஷின்களை அப்படியே ஒரு செட்டாகக் கப்பலில் வரவழைத்தார். எனக்கு அந்த மெஷினைப் பற்றி ஒன்றுமே தெரியாது. "கரண்டுல ஓடுற சாமானம் தானே? உனக்கு மனசிலாகும்" என்றார். அவ்வளவுதான் என் நேர்முகத் தேர்வு.

ஆட்டம் இதுதான். நாலு மெஷின் இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம், முதுகோடு முதுகாக. நாலு பேர் ஓர் அணி. எதிரணிக்காரன் முகம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். திரையில் ஒரு மாய உலகம், காடு, ஆறு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கோட்டை. ஏழு நிமிடத்துக்குள் எதிரியின் கோட்டையை அதிகம் இடித்த அணி ஜெயிக்கும். ஒவ்வொருவரும் ஒரு வீரனையோ வீராங்கனையையோ எடுத்துக்கொள்ள வேண்டும். பெயரெல்லாம் ஜப்பான் எழுத்து, ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால் ஆடுகிறவர்களே பெயர் வைத்தார்கள். பெரிய கேடயத்தோடு முன்னால் நிற்கிறவன் "கதவு". தீயை எறிகிற கிழவி "சூனியக்காரி". வெள்ளைச் சிறகோடு பின்னால் நின்று, காயம்பட்டவர்களைத் தொட்டு எழுப்புகிறவள் "நர்சு". நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு நர்சு வெளிநாட்டில் இருக்கிறாள், ஆகவே அந்தப் பெயருக்கு யாரும் யோசிக்கவே இல்லை.

ஆளுக்கொரு அட்டை உண்டு. அட்டையைச் செருகினால் அவரவர் வீரன் இதுவரை சம்பாதித்த பலம், உடை, ஆயுதம் எல்லாம் திரையில் வரும். அந்தக் கணக்கு அட்டைக்குள் இல்லை, நடுவில் இருந்த ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. ஒவ்வொரு ஆட்டம் முடியும்போதும் பெட்டி எழுதிக்கொள்ளும். நடுவில் கரண்டைப் பிடுங்கினால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. திரைக்குக் கீழே ஒரு வெள்ளைப் பொத்தான். "போதும், பின்வாங்குகிறோம்" என்பதற்கு. ஒருவர் அமுக்கினால் அவர் மெஷின் தலையில் வெள்ளை விளக்கு எரியும். ஓர் அணியில் நாலு விளக்கும் எரிந்தால் ஆட்டம் ஒழுங்காக முடிந்து, கணக்கும் எழுதப்படும். மூன்று எரிந்தால் போதாது.

இனி எங்கள் கூடத்தின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வெயில் நாளில் கூட்டம் கிடையாது. பெருமழை நாளில்தான் கூட்டம். காரணம் எளிது. மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. பாறசாலைப் பக்கத்து வெட்டுக்காரர்கள் நாலு பேர் ஓர் அணி வைத்திருந்தார்கள். அதே மழையில் பூவாரில் சுற்றுலாப் படகு ஓடாது. படகுக்காரர்கள் நாலு பேர் இன்னோர் அணி. ரெண்டு அணியும் ஒரே நேரத்தில் சும்மா இருப்பது அடைமழையில் மட்டும்தான். வானம் கறுத்தால் பூவாரிலிருந்து போன் வரும்: "அண்ணா, அங்ஙன வெட்டு நின்னோ?" நின்றது என்றால் மத்தியானம் பந்தயம். தோற்றவர்கள் எல்லோருக்கும் ஏத்தம்பழ அப்பமும் டீயும் வாங்க வேண்டும். பாறசாலைக்காரர்கள் ஒரு மழைக்கும் ஜெயித்தது கிடையாது. அப்பக் கடைக்காரர் அவர்களைக் கண்டாலே எண்ணெயைச் சூடாக்கத் தொடங்குவார்.

முதலாளிக்குக் கம்பளத்தின் மேல் தனி ஆசை. சிவப்புக் கம்பளம். அதன் மேல் சேறு படக் கூடாது என்று செருப்பு எல்லாம் வெளியே. மழையில் நனைந்து வருகிறவர்கள் வெறுங்காலோடு, ஈரக் காலோடு வந்து உட்காருவார்கள். எங்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் செருப்பைக் கழற்றித்தானே போகிறோம்? இந்த மெஷினைச் செய்த ஊர்க்காரன், அதன் முன் எட்டுப் பேர் ஈர வெறுங்காலோடு உட்காருவார்கள் என்று ஒரு நாளும் நினைத்திருக்க மாட்டான்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன்.

மெஷின்கள் வந்து இறங்கியபோது ஒவ்வொன்றின் வயரிலும் ரெண்டு முள் பிளக், கூடவே தனியாக ஒரு பச்சைக் கம்பி. எர்த்துக்கு, கசிகிற கரண்டை மண்ணில் இறக்க. நம்முடைய பிளக் பலகையில் அதைச் செருக இடம் இல்லை. தனியாக இழுத்து, வெளியே குழி தோண்டி இறக்க வேண்டும். அதற்கு ரெண்டு நாள் வேலை. திறப்பு மறுநாள் காலை. போதகர் ஜெபிக்க வருகிறார், கவுன்சிலர் வருகிறார், முதலாளியின் அக்கா குடும்பம் கொல்லத்திலிருந்து வருகிறது. நான் எட்டுப் பச்சைக் கம்பியையும் மடக்கி, கறுப்பு டேப் சுற்றி, உள்ளே தள்ளிவிட்டேன். அடுத்த வாரம் செய்துகொள்ளலாம் என்றுதான். மெஷின் ஓடியது. அடுத்த வாரம் வந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற சாமானத்தைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்த டேப் அப்படியே இருந்தது. முதலாளிக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். நாளாக நாளாக எனக்கே மறந்ததுபோல ஆகிவிட்டது.

நடுவில் ஒரு நாள் ஆட்டத்துக்கிடையே கரண்டு போயிற்று. திரும்ப வந்தபோது பெட்டி எல்லாக் கணக்கையும் விழுங்கியிருந்தது. படகுக்காரன் சேவியர், பூவார் அணியின் தலைவன், தன் சூனியக்காரி பழைய கிழிந்த உடையோடு நிற்பதைப் பார்த்து அழாத குறை. "என்ற நாலு மாசம் போச்சே அண்ணா" என்று எட்டுத் தடவை சொன்னான். முதலாளி என்னைப் பார்த்த பார்வை எனக்குச் சுட்டது. அன்றைக்கே சொல்லி ஒரு பெரிய யு.பி.எஸ். வாங்கினோம். கரண்டு போனாலும் மெஷின்கள் அரை மணி நேரம் நிற்காது. அதை நானே மாட்டினேன். எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன். அதிலிருந்து எனக்குள் ஒரு சட்டம் ஏறிவிட்டது: என்ன வந்தாலும் ஆட்டத்தின் நடுவில் அணைக்கக் கூடாது.

பாறசாலை அணியில் ஷீபா என்று ஒருத்தி. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். புருஷன் கொத்தன் வேலை, ஒரு பெண் குழந்தை ஒன்றாம் வகுப்பில். காலையில் முந்நூறு மரம் வெட்டுகிற கை அவளுடையது. அணியில் நர்சு வேலையை யாரும் விரும்பமாட்டார்கள், அடிக்க முடியாது, பின்னாலேயே நின்று மற்றவர்களைப் பார்க்க வேண்டும். அவள் அதைக் கேட்டு வாங்கினாள். அணித் தலைவன் ராஜன் அவள் அத்தை மகன். வெட்டு இல்லாத நேரத்தில் ஆட்டோ ஓட்டுவான். ஆட்டத்தில் அவன்தான் "கதவு". அவன் முன்னால் போய் அடி வாங்குவான், அவள் பின்னால் போய் எழுப்புவாள். வேலையும் அப்படித்தான் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

ஒரு மழையில் ஆட்டம் முடிந்து எழுந்தபோது ஷீபா என்னிடம் வந்தாள்.

"அண்ணே, எனக்க மெஷினுக்க விளிம்புல கை வச்சா எறும்பு கடிக்கியது போல இருக்கு."

மெஷினின் முன்பக்கம் முழுக்க ஒரு எஃகுப் பட்டை ஓடும். இடது கையை எல்லோரும் அதில்தான் வைப்பார்கள். நான் போய்ப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். கரண்டு வேலை செய்கிறவன் சந்தேகம் உள்ள இடத்தை உள்ளங்கையால் தொடமாட்டான். அடித்தால் விரல் தானாக மடங்கிப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது. புறங்கை என்றால் உதறி விலகும். தொட்டேன். என் காலில் ரப்பர் செருப்பு. நான் மெக்கானிக், எனக்கு மட்டும் உள்ளே செருப்பு உண்டு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"மழைக்குளிரு ஆக்கும். கை விறைச்சிருக்கும்" என்றேன்.

"அப்படியா" என்று போய்விட்டாள்.

பச்சைக் கம்பி அந்த நிமிடம் எனக்கு ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை. தொட்டால் தெரிந்துவிடும் என்றுதான் தொடவில்லை.

அதற்குப் பிறகு மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்தே கொட்டுகிறது. மத்தியானம் ரெண்டு அணியும் வந்துவிட்டார்கள். பார்க்க ஒரு இருபது பேர். முதலாளியும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் கட்டடம் ரோட்டைவிடக் கொஞ்சம் பள்ளம், பழைய கட்டடம். கரண்டு கசிந்தால் தானாக விழுந்து அணைக்கிற சுவிட்சும் அங்கே கிடையாது.

அன்றைக்கு என்ன அதிசயமோ, தொடக்கத்திலிருந்தே பாறசாலை முன்னால் போயிற்று. பூவார்க் கோட்டையின் ஒரு கோபுரம் விழுந்தது. ராஜன் கத்துகிறான்: "எலே சேவியரே, அப்பத்துக்குச் சொல்லியாச்சா?"

அந்தப் பக்கத்திலிருந்து சேவியர்: "நீ இன்னும் மூணு மினிட்டு ஜீவிச்சிருந்தா பறையாம் மோனே!"

நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்தபோது பார்த்தேன், மூலையில் கம்பளத்தின் நிறம் கறுத்திருந்தது. முதலில் நிழல் என்று நினைத்தேன். நிழல் நகர்ந்தது. ஓடை நிறைந்து, பின் ஷட்டருக்கு அடியிலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. கம்பளம் குடித்துக்கொண்டே முன்னேறியது. அதற்கு அடியில் பிளக் பலகைகள் தரையில் கிடந்தன. மெயின் சுவிட்ச் எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது.

அங்கே எனக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். பத்தடி நடந்து அணைப்பது. நான் செய்தது என்ன தெரியுமா? கையைத் தட்டி, "ஒரு நிமிசம், எல்லாரும் வெள்ளைப் பொத்தானை அமுக்குங்க. ஆட்டத்தை முடிப்போம்" என்றேன்.

"என்னத்துக்கு?" என்றான் ராஜன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தண்ணி கேறியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சேவியர் சொன்னான், "அண்ணா, தண்ணியிலயாக்கும் நமக்கு ஜோலியே. நீங்க பேடிக்க வேண்டா."

ராஜன் சொன்னான், "நாங்க ஜெயிக்கிற அன்னைக்குத் தானா அண்ணே உங்களுக்குத் தண்ணி தெரியியது? இத்தற நாளும் எங்க போச்சுது?"

"சேவியரே, நீங்களாவது அமுக்குங்க. தோத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"ஓ, தோத்து ஓடச் சொல்லுதா? பூவார்க்காரன் ஓட மாட்டான் கேட்டோ!"

மற்ற மூன்று படகுக்காரர்களும் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொருவராக அமுக்கினார்கள். ஒரு விளக்கு. ரெண்டு. மூன்று. சேவியர் மட்டும் அமுக்கவில்லை.

நான் அந்த நான்காவது விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன் மக்கா. எரியும், இப்போது எரியும் என்று. கணக்கு அழிந்துவிடும், முதலாளி பார்ப்பார், சேவியர் மறுபடியும் அழுவான் என்றெல்லாம் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய் இல்லை, ஆனால் அதன் பின்னால் வேறொன்றை ஒளித்து வைத்திருந்தேன். "எழும்புங்க, மெஷினுக்கு எர்த் இல்ல, செத்துப்போவீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சேவியர் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு ஓடியிருப்பான். அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த கேள்வி, யார் எர்த் கொடுக்காதது? முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்து எனக்கு நாலடி பின்னால் நிற்கிறார்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அரை நிமிடம் இருக்கலாம்.

அப்போது ராஜன் கத்தினான்: "நர்சே! எங்க நிக்க? மருந்து கொண்டு வா! எனக்கு உயிரு போகுது!"

நான் திரையைப் பார்த்தேன். வெள்ளைச் சிறகுக்காரி ஆற்றங்கரையில் அசையாமல் நின்றாள். பக்கத்தில் ராஜனுடைய கதவு விழுந்து கிடக்கிறது, அவள் போகவில்லை. எதிரி வந்து அவளை அடிக்கிறான், அவள் நகரவில்லை.

"நர்சு உறங்கிட்டா போல" என்று யாரோ சிரித்தார்கள்.

நான் திரையை விட்டு ஷீபாவைப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, சத்தம் இல்லை. இடது கை எஃகுப் பட்டையைப் பிடித்திருந்தது. கழுத்து நரம்பு மட்டும் கயிறுபோல நின்றது. காலுக்கடியில் கம்பளம் கறுப்பு.

ராஜன் அவளைத் தொடக் கை நீட்டினான். "தொடாதலே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் கை அந்தரத்தில் நின்றது. அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். ஓடிப்போய் மெயினை இழுத்தேன். விளக்கு எல்லாம் அணைந்தது. ஃபேன் நின்றது.

மெஷின் நிற்கவில்லை.

இருட்டில் எட்டுத் திரையும் எரிந்துகொண்டிருந்தன. நான் மாட்டிய யு.பி.எஸ். நான் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்ட பெட்டி. அது அந்தக் கூடத்தின் மறு மூலையில் இருந்தது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு போனேன், ஒருவர் காலை மிதித்தேன், பெட்டியின் பொத்தான் கைக்கு அகப்படவில்லை. கடைசியில் ரப்பர்ச் செருப்புக் காலால் மெஷின்களுக்குப் போகிற வயரை மிதித்துப் பிளக்கோடு பிடுங்கினேன். எட்டும் அணைந்தது. ஷீபா ஸ்டூலிலிருந்து பின்னால் சாய்ந்தாள், ராஜன் தாங்கிக்கொண்டான்.

மூச்சு இருந்தது. ராஜனுடைய ஆட்டோவில் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஓட்டியது சேவியர். ராஜன் பின்சீட்டில் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்ல சாயங்காலம் ஆகிவிட்டது. இடது உள்ளங்கை வெந்திருந்தது, ரெண்டு விரல் மடங்கவில்லை. புருஷன் சிமெண்டு காயாத சட்டையோடு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஷீபா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது ராஜனிடம்.

"கோட்டை விழுந்துதா?"

"அண்ணன் கரண்டைப் பிடுங்கிட்டாரு. கோட்டை விழல்ல, நீதான் விழுந்த."

சிரிக்கப் பார்த்தாள்.

டாக்டர் சின்னப் பெண். எப்படி நடந்தது என்று எழுதிக்கொள்ளக் கேட்டாள். முதலாளிதான் பதில் சொன்னார். "மழையாக்கும் டாக்டரே. வெள்ளம் கேறியது. ஆரும் ஒண்ணும் செய்ய முடியாது." அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ராஜனும் ஆட்டினான். ஷீபாவின் புருஷனும். மழை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும்.

மத்தியானம் அரை நிமிடம் நின்றது போதும் என்று எனக்குத் தோன்றியது.

"மழை இல்ல டாக்டர்" என்றேன். "எர்த் கம்பி கொடுக்கல்ல. நான்தான் கொடுக்காம மடக்கி வச்சது. எட்டு மெஷினுக்கும்."

ஷீபா என்னைப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கே சொல்லல்லியா அண்ணே, எறும்பு கடிக்குன்னு?"

"சொன்ன."

"குளிருன்னு சொன்னியளே."

"ஆமா."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். புருஷன் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் பார்க்காமலே நின்றார்.

வராந்தாவில் முதலாளி என்னிடம் கேட்டார். "எடோ, எட்டுமா?"

"எட்டும்."

அவர் பாக்கெட்டிலிருந்து கூடத்தின் சாவியை எடுத்துக் கொடுத்தார். "அடைச்சுப் போடு. எல்லாம் செஞ்சு தீத்துட்டு வந்து சாவியத் தா. அது வரைக்கும் எனக்க முகத்துல வராத."

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலையை நான் தனியாகச் செய்யவில்லை. லைசன்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு, நான் செய்த ஒவ்வொன்றையும் அவரைக்கொண்டு பார்க்க வைத்தேன். தன் தப்பைத் தானே மறைத்தவன், தானே திருத்திவிட்டேன் என்று சொன்னால் அதை யாரும் நம்பக் கூடாது, அவனும் நம்பக் கூடாது. குழி தோண்டி எர்த் இறக்கினோம். கரண்டு கசிந்தால் விழுந்து அணைக்கிற சுவிட்ச் வைத்தோம். பிளக் பலகைகளை எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏற்றினோம். ஒரே கைப்பிடியில் மெயினும் யு.பி.எஸ்.ஸும் சேர்ந்து அணைகிற மாதிரி வாசல் பக்கமே ஒரு சிவப்புச் சுவிட்ச். கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டோம். "செருப்பை வெளியே விடவும்" பலகையை, நான் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு முதலாளியே கழற்றினார்.

பெட்டியைத் திரும்பவும் போட்டபோது கணக்கெல்லாம் அழிந்திருந்தது. நான் பயந்தபடியே. எல்லோருடைய வீரர்களும் முதல் நாள் உடையில் நின்றார்கள். எட்டுப் பேரில் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. சேவியர் தன் கிழவியைக் கிழிந்த உடையோடு பார்த்துவிட்டு ஆடத் தொடங்கினான். பிறகு ஒரு நாள் டீக்கடையில் என்னிடம், "அந்தப் பொத்தான் நான் அமுக்கியிருக்கணும் இல்லியா அண்ணா?" என்று கேட்டான். "இல்ல சேவியரே, நான் கேட்டுக்கிட்டு நின்னிருக்கக் கூடாது" என்றேன். அவனுக்கு அது சமாதானமாக இருந்ததா என்று தெரியாது.

ஷீபா ரெண்டு மாதம் வெட்டுக்கத்தி பிடிக்கவில்லை. அவள் மரங்களை ராஜனும் மற்ற ரெண்டு பேரும் பங்கு போட்டு வெட்டினார்கள். எனக்கு வெட்டத் தெரியாது. காலையில் அவர்கள் ஊற்றிவைத்த பாலைச் சுமக்கப் போனேன். அவளும் தோட்டத்துக்கு வந்து நிற்பாள், முதல் வாரம் என்னிடம் பேசவில்லை. ரெண்டாவது வாரம் "அந்த வாளி ஓட்டை, அதை எடுக்காதீங்க" என்றாள். அடுத்த பெருமழைக்குக் கூடத்துக்கு வந்தாள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள், செருப்பைக் கழற்றாமலே ஏறினாள்.

"நர்சு வேலைய விட்டாச்சு அண்ணே. இனி நான் கதவு. ராஜன் பின்னால நிக்கட்டு."

அன்றைக்கும் பாறசாலை தோற்றது.

இவ்வளவுதான் மக்கா. இனி உங்கள் கூடத்தைப் பற்றி. எர்த் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், லிஜி அதில் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆனாலும் கம்பளத்தை எடுத்துவிடுங்கள், பலகையைக் கழற்றுங்கள். "கடிக்குது" என்று ஓர் ஆள் வந்து சொன்னால், அவர் நின்ற மாதிரியே வெறுங்காலோடு நின்று யோசியுங்கள், பிறகு மீட்டரை எடுங்கள். அணைக்க வேண்டிய நேரத்தில் யாரிடமும் சம்மதம் கேட்காதீர்கள். அணைத்துவிட்டுக் காரணம் சொல்லுங்கள். சொல்கிற காரணம் முழுக் காரணமாக இருக்கட்டும். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் இன்னொன்றைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்ததில் தப்பு இல்லை.

இன்னும் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. இதை உங்கள் அம்மாவிடமும் சொன்னதில்லை. நீங்கள் இதைச் செய்யக் கூடாது. உங்களுக்கு மீட்டர் போதும்.

வேலை எல்லாம் முடிந்து, லைசன்ஸ்காரர் கையெழுத்துப் போட்டுப் போன மறுநாள் காலை, முதலாளியிடம் சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், நான் தனியாகக் கூடத்துக்குப் போனேன். ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்தேன். என் ரப்பர்ச் செருப்பை வெளியே கழற்றி வைத்தேன். எட்டு மெஷினையும் ஓட விட்டேன். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொரு ஸ்டூலுக்கும் கீழே சிமெண்டுத் தரையில் ஊற்றினேன். முதலில் ஷீபாவின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ரெண்டு காலையும் தண்ணீரில் வைத்தேன். எஃகுப் பட்டையின் மேல் இடது உள்ளங்கையை வைத்து, விரலை மடக்கிப் பிடித்தேன். ஓர் ஆட்டத்தின் நேரம், ஏழு நிமிடம், திரையில் எண் குறைந்து தீரும்வரை பிடித்திருந்தேன். பிறகு எழுந்து அடுத்த ஸ்டூலுக்குப் போனேன். அப்படியே எட்டும்.

கடைசி ஸ்டூலிலிருந்து எழுந்தபோது கால் விறைத்திருந்தது. அது குளிர்தான். துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளி வெளியேற்றினேன், செருப்பை மாட்டிக்கொண்டேன், ஷட்டரை முழுவதும் தூக்கினேன்.